ஒன்பதில் ஓர் இடம்: நேஷன்ஸ்டேட்ஸில் சிறு கட்சி நடத்துவது பற்றிக் கேள்வி பதில்

நேஷன்ஸ்டேட்ஸ் என்பது ஆளுக்கொரு கற்பனை நாட்டை நடத்தும் இணைய விளையாட்டு. அங்கே எங்கள் மண்டலத்துக்கு ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது. அதில் ஒன்பது இடங்கள். எங்கள் கட்சிக்கு ஓர் இடம், ஆறு உறுப்பினர்கள். சில வருடங்களாக இந்தக் கட்சியை நடத்தி வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நேற்றுதான் ஒரு நாடு தொடங்கினேன். மெனு முழுக்கத் தேடியும் "கட்சி" என்று ஒன்றுமே இல்லையே?

இருக்காது, தேட வேண்டாம். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002 நவம்பரில் இதைத் தொடங்கியபோதும் கட்சிகளுக்கென்று எந்தக் கருவியும் வைக்கவில்லை. உங்கள் நாட்டில் நீங்கள் எடுப்பதுதான் முடிவு. தினமும் இஷ்யூ, அதாவது நாட்டுக்கு ஒரு பிரச்சினை, வரும், ஒரு பதிலைத் தேர்ந்தெடுப்பீர்கள், குடியுரிமைகளும் பொருளாதாரமும் அரசியல் சுதந்திரமும் ஏறி இறங்கும். அங்கே எதிர்க்கட்சிக்கு வேலையே இல்லை.

கட்சி பிறப்பது மண்டலத்தில். பல நாடுகள் ஒன்றாகக் கூடியிருக்கும் இடம் மண்டலம். அங்கே ஆட்டக்காரர்கள் தாங்களாகவே அரசியல் சட்டம் எழுதுகிறார்கள், நாடாளுமன்றம் அமைக்கிறார்கள், நீதிமன்றம்கூட வைக்கிறார்கள். இதில் ஒன்றையும் நிரல் கட்டாயப்படுத்துவதில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டதால் நடக்கிறது. அதனால் கட்சி தொடங்கப் பொத்தான் வேண்டாம். உங்கள் மண்டலத்தின் தேர்தல் சட்டத்தைப் படித்துப் பாருங்கள், கட்சியைப் பதிவு செய்யும் வழி பெரும்பாலும் அதில் இருக்கும்.

கேள்வி: அண்ணா, உங்கள் கட்சிக்குக் கொள்கை என்று என்ன இருக்கிறது? இடதா, வலதா?

எங்களுக்கு இருப்பது ஒரே கோரிக்கை: உலக சபையில் (விளையாட்டுக்குள் ஐ.நா. போல இயங்கும் சபை) சேராத நாடுகளுக்கும் மண்டலத் தேர்தலில் ஓட்டு வேண்டும்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவர் எத்தனை நாடுகள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உலக சபையில், அதாவது வேர்ல்ட் அசெம்பிளியில், ஒருவருக்கு ஒரு நாடுதான். (ஆரம்பத்தில் அதன் பெயரே ஐக்கிய நாடுகள் சபை. 2008-இல் உண்மையான ஐ.நா.விடமிருந்து கடிதம் வந்த பிறகு பெயரை மாற்றினார்கள்.) ஆளுக்கு ஒன்று என்பதால், ஒரே ஆள் பத்துப் பெயரில் வந்து ஓட்டுப் போடுவதைத் தடுக்க மண்டலங்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. "உன் உலக சபை நாடு எங்கள் மண்டலத்தில் இருந்தால்தான் உனக்கு ஓட்டு" என்று சட்டம் எழுதிவிடுகிறார்கள். எங்கள் மண்டலத்திலும் அப்படித்தான்.

இதனால் யாருடைய ஓட்டு பறிபோகிறது என்று பாருங்கள். முதலில், காவல் பணி செய்கிறவர்கள். மண்டலங்களைக் கைப்பற்றவென்றே ரெய்டர் குழுக்கள் இருக்கின்றன. அவர்களைத் தடுக்கப் போகும் டிஃபெண்டர்கள் தங்கள் உலக சபை நாட்டை எடுத்துக்கொண்டு, தாக்கப்படும் மண்டலத்துக்குப் போக வேண்டும். அங்கே போய் நின்றால்தான் அந்த மண்டலத்தின் டெலிகேட்டுக்கு, அதாவது அதன் தலைமைப் பதவியில் இருப்பவருக்கு, ஆதரவு தர முடியும். எங்கள் மண்டலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே போய்க் காவல் காக்கிறவருக்கு, எங்கள் தேர்தலிலேயே ஓட்டு கிடையாது. எனக்கு இது கொஞ்சமும் ஏற்க முடியாத விஷயம்.

இரண்டாவது, உலக சபையே வேண்டாம் என்று இருப்பவர்கள். சபையில் நிறைவேறும் தீர்மானம் உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும். உங்கள் நாட்டின் சட்டம், புள்ளிவிவரம் எல்லாம் தானாகவே மாறிவிடும். வருடக்கணக்கில் ஒரு நாட்டைத் தன் மனதில் உள்ளபடி செதுக்கிக்கொண்டு வரும் ஒருவர் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். அவரும் எங்களோடு தினமும் பேசுகிறவர்தான், புதியவர்களுக்கு உதவுகிறவர்தான்.

சரி, போலி ஓட்டை எப்படித் தடுப்பது? அந்தப் பயம் நியாயமானது. எங்கள் மசோதா சொல்வது இதுதான்: உலக சபை நாடு இங்கே இல்லாதவர், அது எங்கே இருக்கிறது என்பதைத் தேர்தல் அதிகாரியிடம் மட்டும் ரகசியமாகச் சொல்ல வேண்டும். சபையில் எந்த நாடும் வைத்திருக்காதவர் மண்டலத்தில் தொடர்ந்து 90 நாள் இருந்திருக்க வேண்டும், இரண்டு குடிமக்கள் அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். மூன்று முறை கொண்டுவந்தோம், மூன்று முறையும் தோற்றோம். கடைசி முறை ஒரே ஒரு ஓட்டில்.

கேள்வி: ஒரே ஓர் இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்? வெறும் கணக்குக்குத்தானே?

கணக்கு என்று சொல்லிவிட்டீர்கள், கணக்கையே போட்டுப் பார்ப்போம். 40 பேர் ஓட்டுப் போடுகிறார்கள், இடம் ஒன்பது. கட்சிகளுக்குக் கிடைத்த ஓட்டு 17, 11, 7, 5. எங்கள் மண்டலத்தில் இடங்களைப் பிரிப்பது டோன்ட் (D'Hondt) முறையில். ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போய், வரும் எண்களில் பெரிய ஒன்பதை எடுக்க வேண்டும். 17, 11, 8.5, 7, 5.67, 5.5, 5, 4.25, 3.67. ஆக முதல் கட்சிக்கு 4 இடம், இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1, நான்காவதுக்கு 1.

பெரும்பான்மைக்கு 5 வேண்டும். முதல் கட்சிக்கு மற்ற மூவரில் யாராவது ஒருவர் கிடைத்தால் போதும். அவர் மூன்று இடக்காரராக இருந்தாலும் சரி, ஓர் இடக்காரராக இருந்தாலும் சரி. முதல் கட்சியை ஒதுக்கிவிட்டு ஆட்சி அமைக்க வேண்டுமென்றால் மற்ற மூவரும் சேர வேண்டும், ஒருவர் விலகினாலும் கவிழ்ந்துவிடும். யார் விலகினால் எந்தக் கூட்டணி உடைகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். முதல் கட்சி ஆறு கூட்டணிகளில் இன்றியமையாதது. மற்ற மூன்று கட்சிகளும் ஆளுக்கு இரண்டில். அதாவது மூன்று இடம் வைத்திருப்பவருக்கும் ஓர் இடம் வைத்திருப்பவருக்கும் பேரம் பேசும் பலம் ஒன்றேதான்.

இப்படி எண்ணும் முறைக்கு பான்ஸாஃப் குறியீடு என்று பெயர். அமெரிக்க வழக்கறிஞர் ஜான் பான்ஸாஃப் 1965-இல் இதை எழுதியபோது நியூயார்க் மாநிலத்தின் நாசாவ் கவுண்டி நிர்வாகக் குழுவை உதாரணமாகக் காட்டினார். அங்கே ஆறு உறுப்பினர்களின் ஓட்டு எடை 31, 31, 28, 21, 2, 2. மொத்தம் 115, பெரும்பான்மைக்கு 58. பெரிய மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் 58-ஐத் தாண்டிவிடுவார்கள். 21 எடை உள்ளவர், 31 உள்ள ஒருவரோடும் சிறியவர்கள் இருவரோடும் சேர்ந்தாலும் 56-தான் வரும். 21 ஓட்டு கையில் இருந்தும் அவர் பலம் பூஜ்யம்!

அதனால் ஒவ்வொரு தேர்தல் முடிவு வந்ததும் நான் முதலில் செய்வது இந்தக் கூட்டல்தான். ஓர் இடம் கிடைத்து எல்லா வாசலையும் திறக்கிற சாவியாக இருந்திருக்கிறோம். இரண்டு இடம் கிடைத்து எதற்குமே பயன்படாமல் அடுத்த தேர்தல் வரை ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தும் இருந்திருக்கிறோம்.

கேள்வி: உறுப்பினர்கள் சரியாக வருவதில்லை என்று எங்கள் மண்டலத்தில் ஒன்பது இடத்தை ஆறாகக் குறைக்கப் போகிறார்கள். சிறு கட்சி எதிர்க்க வேண்டுமா?

கண்டிப்பாக எதிர்க்க வேண்டும். மேலே போட்ட அதே கணக்கில் பெரிய ஆறு எண்களை மட்டும் எடுங்கள்: 17, 11, 8.5, 7, 5.67, 5.5. ஐந்து ஓட்டு வாங்கிய கட்சி வெளியே போய்விட்டது. எட்டில் ஒரு பங்கு வாக்காளருக்குச் சபையில் குரலே இல்லை. யாரும் "சிறு கட்சிகளைத் தடை செய்வோம்" என்று எழுதவில்லை, ஆனாலும் அதுதான் நடந்தது. இடங்களின் எண்ணிக்கையே மறைமுகமான தடுப்புச் சுவர்.

வெளிப்படையான சுவர் வேறு. ஜெர்மனியில் 5 சதவீதம். துருக்கியில் நெடுங்காலம் 10 சதவீதமாக இருந்து 2022-இல் 7 ஆனது. நெதர்லாந்தில் தனியாகச் சுவர் எதுவும் இல்லை. 150 இடம் என்பதால் ஏறக்குறைய 0.67 சதவீதம் வாங்கினாலே ஓர் இடம். மண்டலச் சட்டம் எழுதுகிறவர்கள் ஜெர்மனியின் 5 சதவீதத்தைக் காப்பியடித்து வைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். 40 பேர் ஓட்டுப் போடும் இடத்தில் 5 சதவீதம் என்றால் இரண்டே ஓட்டு. அது யாரையும் தடுக்காது. இடத்தைக் குறைப்பதுதான் தடுக்கும். அதனால் சண்டையை அங்கே போடுங்கள்.

வருகை குறைவு என்பது உண்மையான குறைதான். அதற்கு மாற்று வழி கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: தொடர்ந்து மூன்று வாக்கெடுப்புக்கு வராதவரின் இடம் அதே கட்சியின் அடுத்த வேட்பாளருக்குப் போகட்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் வகுக்கும் முறையையாவது மாற்றச் சொல்லுங்கள். 1, 3, 5, 7 என்று வகுக்கும் செயிண்ட் லாகு முறையில் அதே 40 ஓட்டுக்கு ஒன்பது இடமும் 4, 2, 2, 1 என்று பிரியும். ஏழு ஓட்டுக் கட்சிக்கு ஓர் இடம் கூடுகிறது. அந்தக் கட்சியை உங்கள் பக்கம் இழுக்க இந்த ஒரு கணக்கே போதும்.

கேள்வி: எங்கள் கட்சியில் நான்கு பேர்தான். ஆளுக்கு இரண்டு பப்பெட் நாடு, அதாவது கூடுதல் நாடு, தொடங்கினால் பன்னிரண்டு ஆகிவிடுமே?

செய்யாதீர்கள். பப்பெட் வைத்திருப்பது விளையாட்டின் விதிப்படி தவறில்லை. உலக சபையில் இரண்டைச் சேர்த்தால்தான் விதிமீறல், அப்போது சபையிலிருந்து வெளியேற்றுவார்கள். ஆனால் மண்டலத் தேர்தலில் ஒரே ஆள் இரண்டு ஓட்டுப் போடுவது எந்த மண்டலத்திலும் திருட்டுதான். எங்கள் கட்சியிலேயே ஒருவர் இதைச் செய்தார். நான்தான் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பருவம் எங்களுக்கு ஓர் இடம்கூட இல்லை. போலி ஓட்டைத் தடுப்பது எப்படி என்று மசோதா எழுதும் கட்சியே போலி ஓட்டுப் போட்டால் பிறகு எந்த முகத்தோடு பேசுவது? இன்றும் அந்த விஷயம் நினைவுக்கு வந்தால் மனசு கனக்கும்.

கேள்வி: ஆளும் கட்சி எங்களுக்கு ஓர் அமைச்சர் பதவி தருகிறேன் என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா? வெளியிலிருந்து ஆதரவு தரலாமா?

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். ஒருமுறை கலாசார அமைச்சைக் கொடுத்தார்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டோம். கட்சியில் வேலை செய்யக்கூடியவர்கள் இரண்டே பேர். இருவரும் விழா நடத்துவதிலும் செய்தி மடல் தயாரிப்பதிலும் மூழ்கிவிட்டோம். மசோதா எழுத ஆள் இல்லை. அடுத்த தேர்தலில் "நல்ல விழா நடத்தினீர்கள்" என்று வாழ்த்திவிட்டு ஆளும் கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். எங்கள் வேலையின் பெயர் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை வெளியிலிருந்து ஆதரவு. நம்பிக்கை வாக்கெடுப்பிலும் அமைச்சர் நியமனத்திலும் கூட நிற்போம், மற்ற எல்லாவற்றிலும் எங்கள் இஷ்டம். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: எங்கள் மசோதா இன்ன தேதிக்குள் வாக்கெடுப்புக்கு வர வேண்டும். "ஆதரியுங்கள்" என்று கேட்கவில்லை, "வாக்கெடுப்புக்கு விடுங்கள்" என்று மட்டும் கேட்டோம். ஒரே ஓட்டில் தோற்றோம் என்று சொன்னேனே, அது இப்படி வந்த வாக்கெடுப்புதான்.

ஆறு பேருக்குக் குறைவான கட்சி என்றால் அமைச்சு வேண்டாம் என்பதே என் கருத்து. தருவதாகச் சொன்னது எதுவாக இருந்தாலும் தேதி போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்கார்டில் வாய்ப்பேச்சாகச் சொன்னது பத்தே நாளில் மறந்துபோகும்.

கேள்வி: ஐயா, நாடாளுமன்றம் என்ன சட்டம் போட்டால் என்ன, டெலிகேட் நினைத்தால் எல்லோரையும் வெளியே தள்ளிவிடலாமே?

உண்மைதான். விளையாட்டின் நிரலுக்குத் தெரிந்த ஒரே தேர்தல், உலக சபை நாடுகள் ஒன்றுக்கொன்று தரும் எண்டோர்ஸ்மென்ட். அது அதிகம் உள்ளவர் டெலிகேட். நிர்வாக அதிகாரமும் அவரிடம் இருந்தால் நாடுகளை வெளியேற்றலாம், தடை செய்யலாம். 2003-லேயே த பசிபிக் மண்டலத்தில் ஃபிராங்கோஸ் ஸ்பெயின் என்ற நாடு டெலிகேட் பதவியைப் பிடித்து, அங்கே முற்றிலும் புதிய ஆட்சியை நிறுவியது.

அதனால்தான் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எங்கள் ஆறு பேரில் உலக சபையில் உள்ள நால்வர், சட்டப்படி வந்த டெலிகேட் யாராக இருந்தாலும் எண்டோர்ஸ்மென்ட் தருவோம். எங்கள் மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கும் தருவோம். அவர் பலவீனமானால் நாங்கள் தோற்பதற்குக்கூட ஒரு சபை இருக்காது.

கேள்வி: உறுப்பினர்கள் திடீர் திடீரென்று காணாமல் போகிறார்கள். என்ன செய்வது?

சிறு கட்சிகளை உண்மையில் சாகடிப்பது இதுதான். 28 நாள் உள்ளே வராவிட்டால் நாடே மறைந்துவிடும். பரீட்சை, ஊருக்குப் போவது, உடம்பு சரியில்லை என்றால் முன்கூட்டியே விடுமுறை நிலையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், 60 நாள் வரை தாங்கும். மறைந்துபோன நாட்டையும் பெரும்பாலும் திரும்ப உயிர்ப்பிக்கலாம். ஆனால் மண்டலத்தில் தொடர்ந்து இருந்த நாள் கணக்கு அறுந்துபோகும், பல இடங்களில் ஓட்டும் கூடவே போகும்.

நான் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆறு பேரின் நாட்டுப் பக்கத்தையும் திறந்து கடைசியாக எப்போது வந்தார்கள் என்று பார்ப்பேன். பத்து நாளைத் தாண்டியிருந்தால் ஒரு டெலிகிராம் (விளையாட்டுக்குள்ளேயே அனுப்பும் செய்தி). "கட்சிக்கு வா" என்று எழுத மாட்டேன், "நலமா?" என்று மட்டும்தான். அப்படிக் கேட்டதில் ஒரு தம்பி, அப்பா மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னான். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தவன், இப்போது எங்கள் மசோதாக்களை எழுதுவதே அவன்தான்.

கேள்வி: மசோதா எழுதுவதற்கு ஏதாவது வழி சொல்லுங்களேன்.

அவனிடம் கேட்டேன், சொன்னான்: முதலில் இருக்கிற சட்டத்தை முழுதாகப் படி. புதுச் சட்டம் எழுதாதே, பழைய சட்டத்தில் எந்த வரி மாற வேண்டும் என்று பார். ஒரு மசோதாவில் ஒரே விஷயம். எந்த நாளிலிருந்து அமல் என்று எழுது. எழுதி முடித்ததும் உன்னை எதிர்க்கப் போகிறவரிடமே முதலில் காட்டு, அவர் ஓட்டைகளைக் காட்டுவார்.

இதில் கடைசி அறிவுரை எனக்கும் புதிது. 90 நாள் என்ற விதி அப்படி எதிரணிக்காரர் ஒருவர் சொல்லி வந்ததுதான்.

கேள்வி: இவ்வளவு பேரோடு மல்லுக்கட்ட எனக்கு நேரம் இல்லை. தனியாக விளையாடும் ஆட்டங்களில் சிறு கட்சி உண்டா?

சூசரெய்ன் விளையாடிப் பாருங்கள். பெர்லினில் உள்ள டார்பர் கேம்ஸ் 2020-இல் வெளியிட்டது. 1954-இல் சார்ட்லாந்து என்ற கற்பனை நாட்டின் அதிபர் ஆன்டன் ரெய்ன் நீங்கள். உங்கள் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. எதிரே சீர்திருத்தம் கேட்கும் ஃபிரென்ஸ் ரிக்டரின் கட்சி, தீவிர தேசியம் பேசும் கெசாரோ கிபெனரின் கட்சி. அரசியல் சட்டத்தை மாற்றப் போகும்போது சொந்தக் கட்சியின் பழமைவாதிகளே பின்வாங்குவார்கள். அப்போது சிறியவர்களின் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்பது நன்றாக உறைக்கும். ஆனால் நீங்கள் எப்போதும் அதிபர் நாற்காலியில்தான் இருப்பீர்கள். சிறிய கட்சியின் பக்கம் உட்கார்ந்து விளையாட வழியில்லை. எனக்கு அதில் அதுதான் குறை.

கேள்வி: கட்சியில் நான் ஒருத்திதான் மிச்சம், அண்ணா. பெரிய கட்சியோடு இணைந்துவிடலாமா?

தங்கச்சி, உங்கள் கோரிக்கையை அவர்கள் தங்கள் தேர்தல் அறிக்கையில் எழுதத் தயாரா என்று கேளுங்கள். எழுதினால் போய்ச் சேருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "பிறகு பார்க்கலாம்" என்றால் தனியாகவே நில்லுங்கள். நான் ஒன்றரை வருடம் தனியாக இருந்தேன். அந்தக் காலத்தில் செய்தது ஒன்றே: சபைக்கு வந்த ஒவ்வொரு மசோதாவையும் படித்து, அது என்ன மாற்றும் என்பதை நாலு வரியில் எளிய மொழியில் மண்டலப் பலகையில் போட்டேன். கட்சிப் பிரசாரம் ஒரு வரிகூட இல்லை. ஓட்டுப் போடுவதற்கு முன்னால் அதைப் படிக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. இரண்டாவது உறுப்பினர் அப்படிப் படித்து வந்தவர்தான்.

கேள்வி: நாலாவது முறையும் அதே மசோதாவைக் கொண்டுவரப் போகிறீர்களா?

ஆமாம், வரும் பருவத்தின் முதல் அமர்விலேயே. சாட்சி இரண்டு என்பதை மூன்றாக்கியிருக்கிறோம். போன முறை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் அதை மட்டும்தான் கேட்டார். வரைவு தயார். இன்று இரவு அவருக்கு அனுப்புகிறேன்.